சிறுகதைப் போட்டிக்கு அனுப்பும் முன்

போட்டி அறிவிப்பைப் பார்த்ததும் கண் பரிசுத் தொகைக்குப் போவது இயல்பு. ஆனால் முதலில் படிக்க வேண்டியது பதிப்புரிமை பற்றிய வரிகளை. பெரும்பாலும் அவை விதிமுறைகளின் கடைசியில்தான் இருக்கும். பரிசு பெற்ற கதைகளைத் தொகுப்பாக வெளியிடும் உரிமையைக் கேட்டால் நியாயம். வந்து சேரும் எல்லாக் கதைகளின் உரிமையும் தங்களுக்கே என்று எழுதியிருந்தால், எவ்வளவு பெரிய தொகையானாலும் அந்தப் போட்டி வேண்டாம். ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: கல்கி இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதல் பரிசு பெற்றது உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்'. 1978-இல் மகேந்திரன் அதைத் திரைப்படமாக்கினார். போட்டிக்குப் பிறகும் கதைக்கு நீண்ட ஆயுள் உண்டு. அந்த ஆயுள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அடுத்து, 'வெளிவராத படைப்பு' என்ற விதி. முகநூலில் போட்டதையும் பிரதிலிபி தளத்தில் ஏற்றியதையும் பல போட்டிகள் வெளிவந்ததாகவே கொள்ளும். முடிவு வரும்வரை நண்பர் இருவரிடம் மட்டும் காட்டுங்கள். அதே கதையை அதற்குள் இன்னொரு போட்டிக்கு அனுப்பவும் கூடாது.

காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குத் தமிழிலேயே அனுப்பலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நுழைவுக் கட்டணம் இல்லை. 18 வயது நிறைந்த காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் யாரும் கலந்துகொள்ளலாம். ஆனால் அளவு 2,000 முதல் 5,000 சொற்கள். வார இதழுக்கு எழுதிப் பழகிய கை சீக்கிரம் முடித்துவிடும். அப்படி முடிந்த கதையை வர்ணனை சேர்த்து இழுக்காதீர்கள், அது உடனே தெரிந்துவிடும். அந்த அளவு தேவைப்படும் வேறொரு கதையை எழுதுங்கள். சிங்கப்பூரில் 1993-இல் தொடங்கிய தங்கமுனை விருது இருக்கிறது. அங்கே தமிழுக்குத் தனிப் பிரிவே உண்டு.

பெயரை மறைத்துப் படிக்கும் போட்டிகளில் மூத்த எழுத்தாளர்களும் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இதழில் உங்கள் பெயர் கதைக்கு முன்னே போய்விடுகிறது. இங்கே கதை மட்டும் போகிறது. பத்துத் தொகுப்பு போட்டவருக்கும் அப்படியொரு வாசிப்பு வேறெங்கே கிடைக்கும்? அதனால் கோப்பின் உள்ளேயும் கோப்புப் பெயரிலும் உங்கள் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அனுப்பினால் பெறுபவர் கணினியில் வெறும் குறிகளாகத் திறக்கக்கூடும்.

முதற்கட்டத் தேர்வாளர் முன்னால் குவியலாகக் கதைகள் இருக்கும். அலாரம் அடித்து நாயகன் கண் விழிக்கும் தொடக்கத்தை அவர் அன்றைக்கே பலமுறை படித்திருப்பார். உங்கள் முதல் பத்தியை நீக்கிவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். கதை நின்றால், முதல் பத்தி வேண்டாம். முடிவிலும் அப்படித்தான்: பாத்திரம் செய்துகாட்டியதை ஆசிரியர் மறுபடி விளக்கும் வரிகளை எடுத்துவிடுங்கள். தலைப்பு கொடுத்து நடத்தும் போட்டிகளில் இந்த விளக்கம் அளவு மீறிப் போகும். எழுதி முடித்த கதையை ஒரு வாரமாவது மூடி வைத்துவிட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள்.

கடைசி நாள்வரை காத்திருக்காமல் அனுப்பிவிட்டு அடுத்த கதையைத் தொடங்குங்கள். பரிசு வராவிட்டால், முடிவு அறிவித்த வாரமே அந்தக் கதையை ஓர் இதழுக்கு அனுப்பலாம். 1970-இல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு மாதந்தோறும் சிறந்த கதையைத் தேர்ந்தெடுத்தது இதழ்களில் வெளிவந்தவற்றிலிருந்துதான். அதற்கு யாரும் விண்ணப்பிக்கவே வேண்டியிருக்கவில்லை.