ஆங்கிலச் சொல் அறிவோம்: ‘அட்வர்ஸ்’

பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, கணக்குத் தணிக்கை ஆகியவை பற்றிய ஆங்கிலக் கடிதங்களில் ‘அட்வர்ஸ்’ என்னும் சொல் அடிக்கடி தலைகாட்டும். ‘மோசமான’ என்று பொருள் கொண்டு அங்கத்தினர் பலரும் மேலே படித்துச் செல்கின்றனர். அது முற்றிலும் பிழையன்று, ஆயினும் போதாது.

இலத்தீன் மொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்கு ‘எதிர்முகமாகத் திரும்பிய’ என்பதே வேர்ப்பொருள். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே நம் பக்கம் வீசும் காற்றை எண்ணிப் பாருங்கள். அவிநாசியிலிருந்து கோவைக்குச் சைக்கிள் மிதிப்பவருக்கு அக்காற்று ‘அட்வர்ஸ்’. கோவையிலிருந்து அவிநாசிக்கு வருபவருக்கோ அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும் துணை. காற்று ஒன்றுதான், போகும் திசைதான் வேறு. ஆகவே இச்சொல்லைக் கண்டவுடன், ‘எதற்குப் பாதகம்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழில் ‘பாதகமான’ என்பதே இதற்கு நேரான சொல். எதிர்ச்சொல் ‘சாதகமான’ என்பது.

ஐப்பசி மழையையே எடுத்துக்கொள்வோம். மானாவாரிக் காட்டில் கொள்ளு விதைத்தவருக்கு அது சாதகம். வெடித்த பருத்தியைச் செடியில் விட்டிருப்பவருக்குப் பாதகம். பஞ்சு நனைந்து நிறம் கெட்டால் ஏலத்தில் விலை இறங்கிவிடும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்ப்பவருக்கும் பாதகமே. கஞ்சி காயாது, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழித்தறியில் நீர் ஊறிவிட்டாலோ மிதியில் கால் வைக்கவும் இயலாது. அண்ணன் காட்டிலும் தம்பி தறியிலும் உழைக்கும் வீட்டில் மழை வேண்டி யார் கும்பிடுவது என்பதே சிக்கல்தான். எல்லோருக்கும் ஒருசேரப் பாதகமான ஆண்டும் உண்டு. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன.

இனி ஓர் எச்சரிக்கை. ‘அவர்ஸ்’ என்று, ஓர் எழுத்து மட்டும் குறைந்த வேறொரு சொல் உண்டு. அதற்கு ‘விருப்பமற்ற’ என்று பொருள். அது மனிதருக்கு உரியது. கல்லூரியில் படிக்கும் மகன் எழுதிக் கொடுத்த மனுவை அங்கத்தினர் ஒருவர் என்னிடம் காட்டினார். ‘விருப்பமற்ற வானிலையால் பருத்தி அழிந்தது’ என்னும் பொருள்பட அதில் எழுதியிருந்தது. வானிலைக்கு விருப்பமும் வெறுப்பும் ஏது? ஆனால் அம்மனுவில் அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. என்று, எந்தச் சர்வே எண் நிலத்தில், எவ்வகைச் சேதம் நேர்ந்தது என்ற விவரம் எதுவுமே இல்லை.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் தொடங்கியது. அதன் விதிகளில் ‘அட்வர்சிட்டி’, அதாவது பாதக நிலை, என்ற சொல் ஆளப்படுகிறது. பருவத்தின் நடுவில் வறட்சியோ வெள்ளமோ வந்து, அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதிலும் விளைச்சல் வழக்கமானதில் பாதிக்கும் கீழே போகும் எனக் கணிக்கப்பட்டால், உத்தேச இழப்பீட்டில் 25 விழுக்காடு வரை முன்தொகை தர இடமுண்டு. இது பகுதி முழுமைக்கும் பொதுவாகக் கணிக்கப்படுவது. ஆலங்கட்டி மழையோ, வெள்ளம் தேங்குவதோ தம் ஒருவர் நிலத்தை மட்டும் தாக்கினால் நிலை வேறு. 72 மணி நேரத்திற்குள் உழவர் தாமே தெரிவித்தாக வேண்டும். தம் ஊரும் பயிரும் அறிவிக்கையில் உண்டா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்க. ‘அட்வர்ஸ் வெதர்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் எழுதி அனுப்பினால், நிலத்தைப் பார்வையிட வருபவருக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்காது. ‘இன்ன தேதி மாலையில் பெய்த ஆலங்கட்டி மழையால், இன்ன எண் நிலத்தில், காய்ப்பிடித்த பருத்தி இவ்வளவு ஏக்கர் சேதமுற்றது’ என்று தமிழிலேயே எழுதலாம்.

நில வழக்குகளில் ‘அட்வர்ஸ் பொசஷன்’ என்பார்கள். தமிழில் எதிரிடை அனுபவம். உரியவரின் உரிமைக்கு எதிராக, வெளிப்படையாக, இடையறாது நிலத்தை அனுபவித்தல் என்பது பொருள். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி தனியார் நிலத்திற்கு 12 ஆண்டு. அரசு நிலத்திற்கு 30 ஆண்டு. இங்கும் ‘எதிர்’ என்ற வேர்ப்பொருளே உயிர். குத்தகைக்கோ, உறவுமுறையில் வாய்ச்சொல் அனுமதியின் பேரிலோ உழுபவர் எத்தனை ஆண்டு உழுதாலும், அனுமதி நீடிக்கும் வரை அது எதிரிடை அனுபவம் ஆகாது. பங்காளிகளுக்குள் இதை அறியாமல் மூண்ட சண்டைகள் பல.

தணிக்கை அறிக்கையில் ‘அட்வர்ஸ் ஒப்பீனியன்’ என்று இருந்தால், கணக்குகள் உண்மை நிலையைக் காட்டவில்லை என்று தணிக்கையாளர் கருதுகிறார் என்பது பொருள். சிறு குறை சுட்டும் குறிப்பன்று அது. பொதுக்குழுவில் அவ்வரி வாசிக்கப்படுமானால், எந்தக் கணக்கில், எவ்வளவு தொகை என்று எழுந்து கேட்க ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமை உண்டு.