ஒரு மணி நேரப் பேச்சு, ஒன்பது முறை விசாரிப்பு

"நல்லா படிக்கிற பையன். இப்போ யார்கிட்டயும் பேசறதில்ல. 'நான் இருந்து என்ன ஆகப்போகுது'ன்னு சொல்றான்." இப்படி ஒரு அம்மா சொன்னால், "வயசுக் கோளாறு, சரியாயிடும்" என்று தேற்றுபவர்களே அதிகம். அப்படி விட்டுவிடாதீங்க. சரியான நேரத்தில் கிடைக்கும் குறுகிய கால பேச்சு சிகிச்சை உயிரைக் காக்கும்.

சென்னையும் பங்கேற்ற ஆய்வு

சென்னை, கொழும்பு உட்பட 5 நாடுகளின் நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் இதில் இருந்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவினருக்குக் கூடுதலாக, ஒரு மணி நேரம் தனியாகப் பேச்சு. பிறகு 18 மாதங்களில் 9 முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. இதில் 5 முறை, முதல் 11 வாரங்களுக்குள்.

2008-ல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். பேச்சும் விசாரிப்பும் கிடைத்தவர்களில் அது 0.2 சதவீதம்.

என்ன பேசுவாங்க?

அறிவுரை இல்லை, திட்டு இல்லை. ஆலோசகர் முதலில் கேட்பார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு 'பாதுகாப்புத் திட்டம்' எழுதுவார்கள்:

- அந்த எண்ணம் வருவதற்கு முன் எனக்குத் தெரியும் அறிகுறிகள்
- மனதை மாற்ற நானே செய்யக்கூடியவை
- போய் உட்காரக்கூடிய இடம், கூட இருக்கும் ஆட்கள்
- மனம்விட்டுப் பேச ஒரு நண்பர் அல்லது உறவினர்
- உதவி எண்கள்
- ஆபத்தான பொருட்களைக் கைக்கு எட்டாமல் வைப்பது

இதை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டால், நள்ளிரவிலும் கைகொடுக்கும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

"செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேரடியாகவே கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சொல்ல ஒரு வழி கிடைக்கும். பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீங்க. "ஆமா" என்றால் தனியாக விடாதீங்க.

யாரை அழைக்கலாம்?

- 14416: தமிழக அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பெற்றோர், நண்பர்களும் அழைக்கலாம்.
- 104: மருத்துவ ஆலோசனை
- 108: உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்

ஒருமுறை போன் பண்ணியதோடு முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், அடுத்த மாதம் எனத் திரும்பத் திரும்ப விசாரிங்க. "இன்னைக்கு எப்படி இருக்கே?" என்று கேட்பதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.