பஞ்சு போன்ற பிரேக் பெடல்: காரணத்தைக் காலால் அறிதல்

குண்டசாலையிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதி திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய என மேலே ஏறி, உடதும்பறையைக் கடந்தபின் பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற பகுதியில் கீழே இறங்குகின்றது. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகக் காணியை இழந்த குடும்பங்களில் சில இவ்வீதியின் மேல்முனையிலும் சில கீழ்முனையில் மகாவலி சி வலயத்திலும் குடியேறின. மரக்கறி, விதைநெல், கல்யாணம், இழவு எல்லாவற்றுக்கும் இந்த இறக்கத்தைத்தான் கடக்க வேண்டும். பலருக்குக் கிடைப்பதோ பல கை மாறிய ஒரு பழைய லொறி, அல்லது லேண்ட் ரோவர்.

இத்தகைய வாகனத்தில் பிரேக் பெடல் இளகிப் போனால், “பம்ப் பண்ணினால் பிடிக்குது, பரவாயில்லை” என்று சொல்லி ஓட்டுவோர் உண்டு. பம்ப் பண்ணினால் பிடிப்பது நல்ல செய்தியல்ல. அது ஒரு நோயின் அடையாளம். எந்த நோய் என்பதைப் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே அறியலாம். அறிந்தபின் கராஜுக்குப் போனால், தேவையில்லாத சாமானுக்குப் பணம் கொடுக்க நேராது.

முதலில் பிரேக் வேலை செய்யும் விதம். பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் பம்ப், குழாய்களில் உள்ள பிரேக் ஒயிலைத் தள்ளுகின்றது. ஒயில் ஒவ்வொரு சில்லிலும் உள்ள வீல் பம்பைத் தள்ள, லைனர் டிரம்மில் அழுந்துகின்றது. ஒயில் சுருங்காது, காற்று சுருங்கும். பழைய வாகனங்கள் பலவற்றில் நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் வழிதான். ஓரிடத்தில் உடைந்தால் நான்கிலும் பிரேக் போய்விடும்.

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு அடைகல் வைத்து, பெடலை ஒரு தடவை மிதியுங்கள். பிறகு விரைவாக மூன்று நான்கு தடவை மிதியுங்கள்.

முதல் மிதியில் ஆழமாகப் போய், அடுத்தடுத்த மிதியில் உயர்ந்து கல்லுப் போல நின்றால், லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. புதிய பம்ப் வேண்டாம். சில்லை ஜாக்கில் உயர்த்தி, பின்தட்டிலுள்ள அட்ஜஸ்டரைச் சில்லு இறுகும் வரை திருப்பி, தடையின்றிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். லைனர் தேய்ந்து முடிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

உயர்ந்த பின்னும் காலுக்கடியில் துள்ளினால், குழாயில் காற்று இருக்கின்றது. பழைய ரப்பர் ஹோஸ் உப்பினாலும் அப்படியே இருக்கும். ஆகவே ஒருவர் மிதிக்க, மற்றவர் ஹோஸ்களைப் பார்க்க வேண்டும்.

பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ ஒயில் கசிகின்றது. டயரின் உட்பக்கத்தையும் குழாய் மூட்டுகளையும் தடவிப் பாருங்கள். ஈரமே இல்லையென்றால் மாஸ்டர் பம்பின் உள்ளே சீல் தேய்ந்து, ஒயில் பின்னோக்கி வழிகின்றது என எண்ணலாம். இதுவே மிக ஆபத்தானது. அந்த வாகனத்தை ஓட்டிச் செல்லாதீர்கள். (பூஸ்டர் உள்ள வாகனத்தில் எஞ்சினை இயக்கிய கணத்தில் பெடல் சிறிது தாழ்வது நோயல்ல.)

மலைநாட்டுக்கே உரிய இன்னொன்று உண்டு. காலையில் பெடல் நன்றாக இருக்கும். நீண்ட இறக்கத்தின் நடுவில் திடீரெனத் தரைவரை போய்விடும். ஆறியபின் மீண்டும் சரியாகும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியதும் அது 140 பாகையளவுக்கு இறங்கிவிடும். சூடேறிய டிரம்முக்கு அது பெரிய சூடல்ல. கொதித்த ஒயில் ஆவியாகின்றது, ஆவி காற்றைப் போலச் சுருங்குகின்றது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுதாக மாற்றினால் இது வராது. இறங்கும்போது, அதே மலையை ஏறப் போடும் கியரையே போடுங்கள். டீசல் மிச்சம் என எஞ்சினை நிறுத்தி உருட்டுவோரின் பழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம். பூஸ்டரும் வேலை செய்யாது, கியரும் பிடிக்காது.

காற்றெடுக்க இருவர் வேண்டும். லைனரை முதலில் அட்ஜஸ்ட் செய்துவிட்டு, மாஸ்டர் பம்புக்கு மிகத் தூரமான சில்லிலிருந்து தொடங்குங்கள். நம் நாட்டு வாகனங்களில் அது வழமையாக இடது பின்சில்லு. காற்றெடுக்கும் நட்டில் சிறு ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியைச் சிறிது பிரேக் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். ஒருவர் மெதுவாக மிதித்து “பிடிச்சிருக்கு” என்றதும் மற்றவர் நட்டைத் தளர்த்தி, பெடல் தரையைத் தொடுமுன் இறுக்க வேண்டும். இறுக்கியபின்தான் காலை எடுக்கலாம். குமிழி நிற்கும் வரை இப்படியே. ஒயில் தொட்டி வற்றக்கூடாது. வற்றினால் மீண்டும் காற்று புகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எஞ்சின் ஒயிலையோ மண்ணெண்ணெயையோ ஒருபோதும் இதில் ஊற்றாதீர்கள். ரப்பர் உப்பி, எல்லாச் சீலும் கெட்டுவிடும். ஒயில் ஊறிய லைனரைக் கழுவிப் போடுவதும் வீண், மாற்றுங்கள். போத்தலில் வடிந்த ஒயிலைத் திரும்ப ஊற்றாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மூடி வைத்துக் கராஜில் கொடுங்கள். வாய்க்காலில் கொட்ட வேண்டாம்.

வேலை முடிந்ததும் முதலில் வெறும் வண்டியுடன் சமதரையில் பத்துப் பதினைந்து தடவை நிறுத்திப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் கம்பியால் இயங்குவது. அதையும் தனியே சோதியுங்கள். மறுநாள் காலையில் ஒயில் மட்டத்தையும் நான்கு டயர்களின் உட்பக்கத்தையும் பார்த்தபின் மூட்டைகளை ஏற்றலாம்.