தேக்கைவிடக் கருவேலம் உறுதியானதா?

கேள்வி: விலை அதிகமான தேக்கைவிடக் கருவேலமும் சால் மரமும்தான் உறுதி என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். எந்த மரமானாலும் செல்சுவரின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றே. தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு. வேறுபடுவது, நார்ச்செல்லில் சுவர் எவ்வளவு, உள்ளே வெற்றிடம் எவ்வளவு என்பதே. காய்ந்த தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. கருவேலமும் சாலும் 800 கிலோவை ஒட்டியோ அதைத் தாண்டியோ நிற்கும். தடித்த சுவர்கள் பாரத்தையும் அடியையும் தாங்கும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடத்துக்கும் ஏருக்கும் கருவேலத்தைத் தேடியது இதனால்தான்.

நாரின் நீளம் இங்கே பெரிய விஷயமல்ல. இத்தகைய மரங்களில் அது பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். நார் ஓடும் திசைதான் முக்கியம். இழைவாக்கில் இழுத்தால் பெரும் விசையைத் தாங்கும் மரம், குறுக்கே இழுத்தால் எளிதில் பிளக்கும். வேங்கையில் இழைகள் அடுக்குக்கு அடுக்கு சாய்வு மாறிப் பின்னிக்கொள்வதால் பிளப்பது கடினம். இழைப்புளி போடும் தச்சருக்கோ அதுவே தலைவலி, ஒரு பக்கம் வழுக்கினால் மறுபக்கம் சிலும்பும்.

அப்படியானால் தேக்குக்கு ஏன் இந்த மதிப்பு? ஈரம் ஏறி இறங்கும்போது அது அதிகம் சுருங்குவதில்லை, முறுக்குவதில்லை. இயற்கை எண்ணெய்ப்பசையும் வேதிப்பொருள்களும் கரையானை அண்டவிடுவதில்லை. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் தேக்கை 100 என வைத்தே மற்ற மரங்களை மதிப்பிட்டது. வலிமையில் சால் அந்த எண்ணைத் தாண்டும், வடிவம் மாறாமல் நிற்பதில் பின்தங்கும். கதவு, சன்னலுக்குத் தேக்கு. உத்தரத்துக்கும், முன்பு ரயில் தண்டவாளக் கட்டைக்கும் சால்.