வெள்ளிக் கோளும் ஏரிக் கலங்கலும்

சூரியக் குடும்பம் பாடம். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வெள்ளி புதியதல்ல. கடலுக்குப் போகும் அப்பா காட்டிய விடிவெள்ளிதான். “அதுதான் மிகச் சூடான கோள். அங்குள்ள கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தை வெளியே விடாது” என்றேன்.

“அப்படின்னா தினமும் இன்னும் சூடாகிட்டே போகணுமே டீச்சர்?” என்றாள் ஒரு மாணவி.

பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த வாக்கியத்தின் பிழை அன்றுதான் உறைத்தது. “நாளைக்குச் சொல்றேன்மா” என்றேன்.

வீட்டில் கணக்குப் போட்டேன். கோள் முழுவதற்குமான சராசரியில், ஒரு சதுர மீட்டருக்கு வெள்ளிக்கு வரும் சூரிய ஆற்றல் சுமார் 650 வாட். பூமிக்கு 340 வாட். ஆனால் வெள்ளியின் கந்தக அமில மேகங்கள் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. வெள்ளி ஏற்பது ஏறத்தாழ 160 வாட். பூமி ஏற்பதோ 240 வாட். நம்மைவிடக் குறைவாகப் பெறும் கோளின் தரையில் 460 டிகிரி செல்சியஸ்! பெற்ற அளவு ஆற்றலை அது விண்வெளிக்கு வெளியிட்டும் விடுகிறது. வரவும் செலவும் சமம். பிறகு ஏன் அவ்வளவு சூடு?

மறுநாள் செங்கல்பட்டு கொளவாய் ஏரியை நினைவூட்டி, இந்தச் செயல்பாட்டைச் செய்தோம்.

1. பிளாஸ்டிக் பாட்டிலில் கீழே ஒன்று, மேலே ஒன்றாக இரு துளைகள் இட்டோம்.
2. குழாய் நீரை மெல்லிதாக விட்டோம். கீழ்த்துளையை ஒட்டியே நீர்மட்டம் நின்றது.
3. கீழ்த்துளையை அடைத்தோம். மட்டம் உயர்ந்தது. மேல்துளையை எட்டியதும் வந்த நீர் முழுவதும் மறுபடி வெளியேறியது.

நீர்வரத்து சூரிய ஆற்றல். நீர்மட்டம் தரையின் வெப்பநிலை. துளை, ஏரியின் கலங்கல். வரத்து குறைவானாலும் கலங்கல் உயரமானால் ஏரி ஆழமாகவே நிற்கும். வெள்ளியில் காற்றழுத்தம் பூமியைப்போல் 90 மடங்குக்கு மேல்; அதில் 96 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. தரை விடும் அகச்சிவப்புக் கதிர்களை அது உறிஞ்சிக்கொள்வதால், வெப்பம் பெரும்பாலும் குளிர்ந்த மேக உச்சியிலிருந்தே விண்வெளிக்குப் போகிறது. அங்கு வரவுக்கு ஈடான வெப்பம் வெளியேற, அடியில் தரை அவ்வளவு சூடாக இருந்தாக வேண்டும்.

“அப்போ பூமியில கார்பன் டை ஆக்சைடு கூடினா நம்ம கலங்கலும் உசருமா டீச்சர்?” அதே மாணவிதான் கேட்டாள்.

“ஆமாம்மா” என்றேன்.

இப்போது “வெப்பம் வெளியேறாது” என்று நான் சொல்வதில்லை. “வெளியேறும், ஆனால் தரை சூடேறிய பிறகே வரவும் செலவும் சமமாகும்” என்கிறேன். நீங்களும் ஒரு பாட்டிலை எடுத்துச் செய்து பாருங்கள்.