செய்திச் சர்வருக்கு ஒரு காவல்காரன்

தேக்காவுக்கு அருகே, புக்கிட் தீமா சாலையை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். மழை கொட்டும்போது அதன் நீர்மட்டம் சில நிமிடங்களில் விறுவிறுவென ஏறிவிடும். இரவும் பகலும் ஓர் ஆள் கரையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் பொதுப் பயனீட்டுக் கழகம் தீவெங்கும் கால்வாய்களிலும் வடிகால்களிலும் நீர்மட்ட உணர்கருவிகளைப் பொருத்தியிருக்கிறது. கால்வாயின் ஆழத்தில் 75 விழுக்காட்டுக்குக் கீழே நீர் இருந்தால் வெள்ள அபாயம் குறைவு. 75 முதல் 90 வரை நடுத்தரம். 90ஐத் தாண்டினால் அபாயம் அதிகம்.

இதில் மூன்று பகுதிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஓர் அளவு, ஒரு வரம்பு, வரம்பைத் தாண்டினால் ஒரு செயல். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கண்காணிப்பு விதி. நீங்கள் கைப்பேசியில் படிக்கும் செய்திகளை அனுப்பிவைக்கும் சர்வர்களையும் இப்படிப்பட்ட விதிகள்தான் காவல் காக்கின்றன.

செய்திச் சர்வருக்கு இந்தக் காவல் மிகவும் தேவை. எல்லாரும் ஒரே நேரத்தில் செய்தி தேடும் நாளில்தான் அது தடுமாறும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தாக்குதல் நடந்தபோது, சிஎன்என் இணையத்தளம் கூட்டத்தைத் தாங்க முடியாமல் திணறியது. படங்களையும் அலங்காரங்களையும் கழற்றிவிட்டு, எழுத்து மட்டும் அதிகமுள்ள எளிய பக்கத்தை அது வெளியிட வேண்டியதாயிற்று. செய்தி மிகவும் தேவைப்படும் நேரமும் சர்வர் விழும் நேரமும் பெரும்பாலும் ஒன்றே.

பழைய சர்வர் சொல்லும் பாடம்

இணையத்தளங்கள் பரவுவதற்கு முன்பே செய்திச் சர்வர்கள் இருந்தன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979ல் யூஸ்நெட் என்ற வலையமைப்பைத் திட்டமிட்டார்கள். ஒரு சர்வரில் ஒருவர் எழுதும் கட்டுரை அடுத்த சர்வருக்கும், அங்கிருந்து மற்றொன்றுக்கும் நகலாகிச் செல்லும். ஆயிரக்கணக்கான பேச்சுக் குழுக்கள் அதில் இயங்கின. சிங்கப்பூருக்கும் ஒரு குழு இருந்தது. தமிழ்ப் பண்பாட்டுக்கும் ஒரு குழு இருந்தது.

1992ல் ரிச் சால்ஸ் என்பவர் ஐஎன்என் என்ற செய்திச் சர்வர் மென்பொருளை வெளியிட்டார். அதனுடன் இன்வாட்ச் என்ற சிறிய காவல்கார நிரலும் உண்டு. அதன் வேலை எளிது. வழக்கமான அமைப்பில் 600 விநாடிக்கு ஒருமுறை, அதாவது 10 நிமிடத்துக்கு ஒருமுறை, கண் விழிக்கும். கணினியின் வேலைச்சுமை எவ்வளவு, வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்கும். விதிப் பட்டியலைப் படித்து, தேவையானதைச் செய்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

வேலைச்சுமை என்றால் என்ன? தேக்கா உணவங்காடியில் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பரோட்டா போடுபவர் ஒருவர். வரிசையில் நிற்பவர்கள் பலர். கல்லில் இருக்கும் ஆர்டரையும் வரிசையில் காத்திருக்கும் ஆர்டர்களையும் சேர்த்து எண்ணினால் கடையின் சுமை தெரிந்துவிடும். கணினியிலும் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளையும் முறைக்குக் காத்திருக்கும் வேலைகளையும் சேர்த்து எண்ணி, சராசரி எடுக்கிறார்கள்.

இன்வாட்சின் வழக்கமான விதிகள் மூன்றைப் பாருங்கள்.

சுமை 15ஐத் தாண்டினால்: புதிய கட்டுரைகளை ஏற்பதைச் சற்று நிறுத்திவை.
சுமை 20ஐத் தாண்டினால்: கட்டுரை கொண்டுவரும் இணைப்புகளையும் துண்டித்துவிடு.
சுமை 10க்குக் கீழே இறங்கினால்: மறுபடி திறந்துவிடு.

விதிக் கோப்பில் இந்த எண்கள் 1500, 2000, 1000 என்று இருக்கும். சுமை 15.00 என்று வந்தால் நிரல் நடுப்புள்ளியை நீக்கிவிட்டு 1500 என்று படிக்கும். முழு எண்களை மட்டுமே ஒப்பிடத் தெரிந்த எளிய நிரலுக்குத் தசமத்தைக் கையாள இது ஒரு சுலபமான வழி.

இனி முக்கியமான கேள்வி. 15ல் மூடினால், 15க்குக் கீழே வந்ததும் திறக்க வேண்டியதுதானே? ஏன் 10 வரை காத்திருக்க வேண்டும்?

சுமை 15ஐ ஒட்டியே 16, 14, 16, 14 என்று ஆடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? சர்வர் மூடும், திறக்கும், மூடும், திறக்கும். திறந்தவுடன் வெளியே காத்திருந்த கட்டுரைகள் எல்லாம் ஒன்றாக உள்ளே பாயும். சுமை மறுபடி ஏறும். இதைத் தடுக்கத்தான் மூடும் வரம்புக்கும் திறக்கும் வரம்புக்கும் நடுவே ஓர் இடைவெளி. பொறியியலில் இதற்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர். உங்கள் வீட்டுக் குளிர்சாதனத்திலும் இது இருக்கிறது. 25 பாகையில் வைத்தால், வெப்பம் அதற்குச் சற்று மேலே போன பிறகே பல இயந்திரங்களில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும். சற்றுக் கீழே இறங்கிய பிறகே நிற்கும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி நின்று விரைவில் பழுதாகிவிடும்.

எண்ணை விட வேகம் முக்கியம்

சில அளவுகளுக்கு வரம்பு மட்டும் போதாது. ஒரு செய்தி நிறுவனத்தின் சர்வரில் 500 கிகாபைட் வட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 90 விழுக்காடு நிரம்பினால் எச்சரிக்கை என்பது விதி. 450 கிகாபைட் நிரம்பியது, மணி அடித்தது. மிச்சம் 50 கிகாபைட்.

ஒரு மணி நேரத்துக்கு 1 கிகாபைட் வீதம் நிரம்புகிறது என்றால், கையில் 50 மணி நேரம் இருக்கிறது. காலையில் வந்து பழைய கோப்புகளை நீக்கலாம். தேர்தல் நாளில் காணொளிகள் குவிந்து மணிக்கு 25 கிகாபைட் வீதம் நிரம்புகிறது என்றால், 2 மணி நேரம்தான். இரண்டு நாளும் மணி ஒரே மாதிரிதான் அடித்தது. ஆனால் ஆபத்து ஒன்றல்ல.

எனவே நல்ல விதி, ‘எவ்வளவு நிரம்பியது’ என்று கேட்பதோடு நிற்காமல் ‘எப்போது நிரம்பும்’ என்றும் கேட்கும். மிச்ச இடத்தை நிரம்பும் வேகத்தால் வகுத்தால் விடை. வரைபடத்தில் நேர்கோட்டை நீட்டிப் பார்க்கக் கணிதப் பாடத்தில் கற்றிருக்கிறீர்கள் அல்லவா, அதே கணக்குதான். 2012ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் உருவாகத் தொடங்கி, இன்று உலகெங்கும் பயன்படும் புரொமீத்தியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் இப்படி நேர்கோடு நீட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது.

கணினி அறையின் வெப்பமும் அப்படித்தான். 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பில் கோளாறு ஏற்பட்டு வெப்பநிலை உயர்ந்தது. அங்கு கணினிகளை வைத்திருந்த டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் சேவைகள் முடங்கின. ஏறத்தாழ 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. எச்சரிக்கை வந்தால் மட்டும் போதாது, மாற்றுக் கணினிகளுக்கு வேலையை மாற்றும் வழியும் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்பதை அந்தச் சனிக்கிழமை காட்டியது.

அதிகம் அடிக்கும் மணி

‘அப்படியானால் எல்லாவற்றுக்கும் விதி எழுதி, எதற்கும் மணி அடிக்கச் செய்யலாமே’ என்று தோன்றலாம். அங்கேதான் ஆபத்து. ஓர் இரவில் 40 முறை கைப்பேசி அலறி, 39 முறை ஒன்றுமில்லை என்றால், நாற்பதாவது அலறலுக்கு யார் எழுந்திருப்பார்? புலி வருகிறது என்று விளையாட்டுக்குக் கத்திய சிறுவனின் கதை உங்களுக்குத் தெரியும். மருத்துவமனைத் தாதியரும் ஓயாத கருவி ஒலிகளால் இதே சிக்கலைச் சந்திக்கிறார்கள். இதை எச்சரிக்கைச் சோர்வு என்கிறார்கள்.

ஆகவே விதி எழுதுபவர் முதலில் கேட்க வேண்டியது: இந்த மணி அடித்தால், ஒரு மனிதர் உடனே செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுப்பலாம். இல்லையென்றால் குறிப்பேட்டில் பதிந்துவைத்தால் போதும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்வாட்ச் இன்னொரு பண்பையும் கற்றுத் தருகிறது. சுமை காரணமாகத் தான் மூடிய சர்வரைத்தான் அது தானே திறக்கும். பழுது பார்ப்பதற்காக ஒரு மனிதர் மூடியிருந்தால் அதில் கை வைக்காது. தானாக இயங்கும் எதற்கும் இந்த அடக்கம் தேவை.

மௌனமும் ஒரு செய்தி

இதுவரை பார்த்தவை எல்லாம் ஏதோ ஒன்று அதிகமாகும்போது அடிக்கும் மணிகள். ஆனால் செய்திச் சர்வருக்கு மிக மோசமான நோய் வேறு. சுமை குறைவு, வட்டில் இடம் தாராளம், வெப்பம் சரி. எல்லா எண்களும் பச்சை. ஆனால் மூன்று மணி நேரமாகப் புதிய செய்தி ஒன்றுகூட வரவில்லை. உள்ளே கொண்டுவரும் குழாய் அடைபட்டிருக்கிறது. அதனால்தான் சுமையே இல்லை!

இதற்கு விதி தலைகீழாக இருக்க வேண்டும். ‘பகல் நேரத்தில் 30 நிமிடமாகப் புதிய செய்தி ஏதும் வராவிட்டால் மணி அடி.’ இல்லாததைக் கவனிக்கும் விதி இது. காவல்கார நிரலே நின்றுபோனால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் இதே உத்திதான் விடை. அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேறொரு கணினிக்கு ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். அந்தக் குரல் வராவிட்டால் மற்றக் கணினி மணி அடிக்கும்.

செய்து பாருங்கள்

ஒரு சர்வரின் சுமை, நிமிடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அளவுகள்:

9, 12, 16, 14, 16, 14, 17, 13, 11, 8, 16, 9

விதி அ: 15ஐத் தாண்டினால் மணி அடி, 15 அல்லது அதற்குக் கீழே வந்தால் நிறுத்து.
விதி ஆ: 15ஐத் தாண்டினால் மணி அடி, 10க்குக் கீழே வந்தால் மட்டும் நிறுத்து.
விதி இ: தொடர்ந்து மூன்று நிமிடம் 15ஐத் தாண்டியிருந்தால் மட்டும் மணி அடி.

ஒவ்வொரு விதியிலும் மணி எத்தனை முறை அடிக்கத் தொடங்கும்? தாளில் எழுதி எண்ணிவிட்டு மேலே படியுங்கள்.

விடை: அ நான்கு முறை, ஆ இரண்டு முறை, இ ஒருமுறைகூட இல்லை.

மூன்றில் எது சரி? அது எதைக் காக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வேலைச்சுமை ஒரு நிமிடம் ஏறி இறங்கினால் கெடுதல் பெரிதாக இல்லை. அங்கே விதி இயின் பொறுமை நல்லது. ஆனால் ஒரு நிமிடத்தில் கரை தாண்டக்கூடிய கால்வாய்க்கு அந்தப் பொறுமையே ஆபத்து. வரம்பு எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன், ‘வீணாக மணி அடித்தால் என்ன இழப்பு? அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காவிட்டால் என்ன இழப்பு?’ என்ற இரண்டு கேள்விகளையும் எடைபோடுங்கள்.

இந்த வாரம் உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: மீன் தொட்டியின் வெப்பம், கைப்பேசியின் மின்கலம், வகுப்பறைக் குளிர்சாதனம், எதுவாகவும் இருக்கலாம். அதற்கு ஒரு கண்காணிப்பு விதியை நான்கு வரியில் எழுதுங்கள்: எதை அளப்பது, எந்த வரம்பில் மணி அடிப்பது, எந்த வரம்பில் நிறுத்துவது, மணி அடித்தால் யார் என்ன செய்வது. நான்காவது வரிக்கு விடை கிடைக்கவில்லை என்றால், முதல் மூன்று வரிகளையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.