கல்லீரலின் கையிருப்பு

அன்புள்ள கதிருக்கு,

சனிக்கிழமை இரவு குடிப்பதும், மறுநாள் தலைவலிக்கு பாராசிட்டமால் போடுவதும், கூடவே ஒரு லிவர் டானிக் குடிப்பதும் வழக்கமாகிவிட்டது என்றாய். அந்த டானிக் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நீ நம்புவதுதான் எனக்குக் கவலை.

கல்லீரல் செல்லுக்குள் குளூட்டதயோன் என்றொரு பொருள் உண்டு. மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டு செல்லே தயாரித்துக்கொள்ளும் ஆன்டிஆக்சிடன்ட் அது. நச்சை முறிப்பதற்கு உடம்பு பெரிதும் நம்பியிருப்பது இந்தக் கையிருப்பைத்தான்.

குடித்த மது அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. மதுவை அப்படி மாற்றும் வழிகளில் ஒன்றை லீபர், டிகார்லி என்ற ஆய்வாளர்கள் 1968இல் அமெரிக்காவில் விவரித்தார்கள். குடி பழக்கமாக ஆக அந்த வழியில் உள்ள 2இ1 என்ற நொதி பெருகுகிறது. "எவ்வளவு குடித்தாலும் அவன் நிதானமாக இருப்பான்" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த நொதி வேலை செய்யும்போதெல்லாம் செல்லைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் உண்டாகின்றன. அவற்றை அடக்க குளூட்டதயோன் செலவாகிறது.

பாராசிட்டமாலின் ஒரு சிறு பங்கை நச்சாக மாற்றுவதும் இதே நொதிதான். மது உள்ளே இருக்கும்வரை நொதிக்கு மதுவை மாற்றும் வேலையே சரியாக இருக்கும். மது இறங்கியபின், அதாவது நீ மாத்திரையைத் தேடும் அந்தக் காலை நேரத்தில், பெருகிய நொதி முழுதும் மாத்திரையின் பக்கம் திரும்புகிறது. அதில் உண்டாகும் நச்சை முறிக்க வேண்டிய குளூட்டதயோனோ குறைந்திருக்கிறது. எப்போதாவது குடிப்பவர் ஒரு மாத்திரை போட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. தினமும் குடித்து, சரியாகச் சாப்பிடாமல், அளவு மீறி விழுங்குபவருக்குக் கல்லீரலே செயலிழக்கலாம். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதை மறந்துவிடாதே.

டானிக்கை விடு. மதுவால் கல்லீரல் கெட்டவர்களுக்கு ஆன்டிஆக்சிடன்டான வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த சோதனைகளிலேயே சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை.

குடியை நிறுத்தினால் அந்த நொதி சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். கல்லீரலில் படிந்த கொழுப்பும் பெரும்பாலும் சில வாரங்களில் கரையும். ஆனால் கல்லீரல் தழும்பேறிப்போகும் சிரோசிஸ் வந்தபின் அந்தத் தழும்பு எளிதில் மாறாது. நீ இன்னும் அந்த எல்லைக்கு வெகு தூரத்தில்தான் இருப்பாய். இந்தச் சனிக்கிழமையே விட்டுவிடு, கதிர். தனியாக முடியாவிட்டால் தயங்காமல் சொல், டாக்டரிடம் நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
மாமா